ஐந்தே முக்கால் வெயில்

புன்னைத்துறைக்கும் வெள்ளிமுட்டத்துக்கும் நடுவே, ஆற்றுப் பொழி போய்க் கடலில் சேருகிற இடத்தில் கிடக்கும் மணல் திடலில், திருவிழாக் கோப்பையின் இறுதி ஆட்டம் முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது ரெஃப்ரி கிளீட்டஸ் விசில் ஊதிப் பெனால்டி புள்ளியைக் காட்டினார். அப்போது மணி ஐந்தே முக்கால். உலகத்தில் மற்ற எல்லா இடத்திலும் அதற்கப்புறம் ஆறு மணி ஆனது, இருட்டியது, விடிந்தது. அந்தப் பெனால்டி பெட்டிக்குள் மட்டும் இரண்டு வருஷம் ஐந்தே முக்காலாகவே இருந்தது.

ஒன்றுக்கு ஒன்று என்று நின்ற ஆட்டம். வெள்ளிமுட்டத்துக்காரன் ஒருவன் ஓங்கி அடித்த பந்துக்குக் குறுக்கே புன்னைத்துறையின் கொர்னேல் பாய்ந்தான்; சப்பென்று ஒரு சத்தம்; விசில். கையில் பட்டது என்றார் கிளீட்டஸ். தோளில் பட்டது என்றான் கொர்னேல். அடுத்த நிமிடம் இரண்டு ஊரும் திடலுக்குள் இறங்கிவிட்டது. கொடிக்கம்பைப் பிடுங்கி அடித்தார்கள், மணலை வாரி எறிந்தார்கள், ஒரே குடும்பத்தில் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள் ஒருவர் சட்டையை ஒருவர் கிழித்தார்கள். பெனால்டியை யாரும் அடிக்கவில்லை. பாலத்தில் போலீஸ் வண்டி வந்து நின்ற பிறகுதான் சனம் வீங்கிய உதடுகளோடு இரண்டு பக்கமும் பிரிந்து போனது. அந்தக் கலவரத்தில் சூரியன் கடலில் இறங்கியதை ஒருத்தரும் கவனிக்கவில்லை.

கோல் வலையை அவிழ்க்க வந்த சூசையான்தான் முதலில் பார்த்தார். திடல் முழுக்க இருட்டு. பெட்டிக்குள் மட்டும் மஞ்சள் வெயில், சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டாமல், தொட்டியில் தண்ணீர் நிற்பதுபோல நின்றது. முடிச்சுகள் நன்றாகத் தெரிந்ததால் சீக்கிரமாக அவிழ்த்து, வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனவர், சாப்பிடும்போது மனைவியிடம், "பெட்டிக்குள்ள இன்னும் வெயில் கெடக்கு" என்றார். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "முன்னாடியே சொல்லியிருந்தா வடகத்தக் கொண்டு போட்டிருப்பேன்லா" என்றாள்.

மறுநாளிலிருந்து சனம் வந்து பார்த்தது. வெளியே நிற்கிறவர்களுக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரியும். கோட்டைத் தாண்டி உள்ளே கால் வைத்தால் மேற்கே கடலுக்கு மேல் இரண்டு முழ உயரத்தில் அன்றைய சூரியன் அப்படியே நிற்பதும் தெரியும், அன்றைய காற்றும் அடிக்கும், வெள்ளிமுட்டத்துக்காரர்கள் கோல் போட்டபோது கொளுத்திய வெடியின் புகைவாசம்கூட லேசாக மூக்கில் ஏறும். பங்குச் சாமியார் வந்தார், உள்ளே போய்த் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், வெளியே வந்து பார்த்தார், இங்கே யாரும் சிலுவை நட்டுக் குருசடி கட்டிவிடக்கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். தாலுகா ஆபீசிலிருந்து இரண்டு பேர் வந்து நீள அகலம் அளந்து, "மேற்படி இடத்தில் வெயில் காணப்படுகிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். மின்சார ஆபீசிலிருந்து வந்தவர் இது யார் பெயரில் இருக்கிற இணைப்பு என்று கேட்டுவிட்டு, பதில் கிடைக்காமல், டீ குடித்துவிட்டுத் திரும்பினார். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் பாயோடு வந்தார்கள். கல்யாணப் போட்டோ எடுக்கிறவர்கள் நாகர்கோவிலிலிருந்தெல்லாம் வந்தார்கள், ஏனென்றால் அந்த வெயிலில் யார் நின்றாலும் முகம் பொன்னாகத் தெரிந்தது.

ஆனால் பெட்டியை உண்மையில் பிடித்துக்கொண்டவர்கள் கருவாட்டுக்காரிகள். ஆனியிலும் ஆடியிலும் அந்தக் கரையில் வானம் ஓட்டையாகிவிடும்; பிடித்த மீன் காயாமல் புழுத்து, பெண்கள் அதைக் கடலிலேயே கொண்டுபோய்க் கொட்டுவார்கள். இப்போதோ திடலெல்லாம் மழை கொட்ட, பெட்டிக்குள் ஒரு சொட்டு விழாமல், அன்றைய தெளிந்த சாயங்காலம் அப்படியே கிடந்தது. இரண்டு ஊர்க் கமிட்டியும் உட்கார்ந்து பேசி, வடக்குப் பாதி வெள்ளிமுட்டத்துக்கு, தெற்குப் பாதி புன்னைத்துறைக்கு என்று கயிறு கட்டிப் பிரித்துக்கொடுத்தது. முந்தின வருஷம் ஒருத்தர் மண்டையை ஒருத்தர் உடைத்தவர்களின் மனைவிமார், கயிற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குனிந்து நெத்திலியைப் புரட்டிப் போட்டபடி பிள்ளைகளின் சளியைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள்.

பெனால்டியைப் பற்றிய பேச்சும் மெல்ல மெல்ல மாறியது. முதல் ஆறு மாதம் டீக்கடையிலும் வள்ளத்திலும் பூசைக்கு மணி அடிக்கிறதற்கு முன்பும் அதே பேச்சுதான். கையா, தோளா என்று. பிறகு யாரோ ஒருவர், முடிவு தெரியாமல் நிற்பதால்தான் வெயிலும் போகாமல் நிற்கிறது, முடிவு தெரிந்தால் அது போய்விடும் என்றார். யார் சொன்னது என்று தெரியாது, ஆனால் எல்லாரும் நம்பினார்கள். அதற்கப்புறம் யாராவது கையா தோளா என்று ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பவர் மீன் விலையைப் பற்றிக் கேட்டுவிடுவார். கடைசியில், அந்த ஆட்டத்தைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் பேசுவதில்லை என்று இரண்டு கமிட்டியும் சேர்ந்தே தீர்மானம் போட்டன. வழக்கு முடியாமல் கிடப்பது இரண்டு ஊருக்கும் வசதியாகிவிட்டது, ஒருவனைத் தவிர.

அந்த ஒருவன் கொர்னேல். ஆட்டம் நின்றதற்கு அடுத்த ஞாயிறு சமாதானக் கூட்டத்தில் கிளீட்டஸ், "என் கண்ணால பாத்தேன், கையிலதான் பட்டுது" என்று சொல்ல, கடலில் போய்த் திரும்பாத தன் அண்ணன் அந்தோணிதாசன்மேல் ஆணையாகத் தோளில்தான் பட்டது என்று கொர்னேல் சத்தியம் பண்ணினான். இருபத்துநான்கு வயதுக்காரன் சத்தியமும் பதினெட்டு வருஷத்து ரெஃப்ரியின் கண்ணும் எதிரெதிரே நின்றபோது, அவனுடைய சொந்த ஊரே கண்ணை நம்பியது. அன்றிலிருந்து இரண்டு ஊரிலும் யாராவது புளுகினால், "கொர்னேல் சத்தியமா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. பால்குடி மறந்த குழந்தைகூட மிட்டாயை ஒளித்து வைத்துக்கொண்டு, "இல்லை, கொர்னேல் சத்தியம்" என்று சிரித்தது.

கிளீட்டஸ் பொழிப் பாலத்துக்குப் பக்கத்தில் எஞ்சின் பட்டறை வைத்திருந்தார். வள்ளத்து எஞ்சின் எதுவானாலும் காதை வைத்துக் கேட்டே கோளாறு சொல்லிவிடுவார். ரெஃப்ரி பரீட்சை எழுதிப் பாஸானவர் அந்தக் கரையில் அவர் ஒருவர்தான்; கொடுத்த முடிவை ஒருநாளும் மாற்றாதவர் என்று பெயர், அந்தப் பெயரைச் சட்டைப் பையில் இருக்கிற பொருளைப்போலத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வாழ்ந்தவர். ஆனாலும் அந்த இரண்டு வருஷத்தில் அவர் பெட்டிக்குள் ஒரு தடவைகூடக் கால் வைக்கவில்லை. கேட்டால் நேரமில்லை என்பார்.

இரண்டாவது வருஷத்து ஆனிக் கடைசியில், மழை விடாமல் பெய்த ஒரு காலையில், கொர்னேல் எஞ்சினைத் தோளில் சுமந்துகொண்டு பட்டறைக்கு வந்தான். வேறு மெக்கானிக்கிடம்தான் போவான். அந்த ஆள் அன்றைக்கு ஊரில் இல்லை. கிளீட்டஸ் கார்புரேட்டரைக் கழற்றினார். உள்ளே உப்பு படிந்திருந்தது. கொர்னேல் வாசலில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பாமலே கேட்டான்.

"அண்ணே, அன்னைக்கு நீங்க பாத்தீங்களா?"

"விசில் அடிச்சேன்லா."

"அது எனக்கும் கேட்டுது. பாத்தீங்களான்னு கேட்டேன்."

"ரெண்டு வருஷம் ஆச்சுடே. இப்ப எதுக்கு அது?"

"எனக்குப் பெண்ணு பாத்தாங்க. எல்லாம் பேசி முடிஞ்ச பெறகு, செத்துப்போன அண்ணன்மேல பொய்ச் சத்தியம் பண்ணினவன் கோயில்ல எம் மகளுக்குக் குடுக்குற வாக்க எப்படிக் காப்பாத்துவான்னு அவ அப்பா கேட்டாராம்." அவன் குரலில் சூடு இல்லை. "நான் கோவத்துல கேக்கல, அண்ணே. எல்லாரும் சொல்லிச் சொல்லி இப்ப எனக்கே ஒண்ணும் புரியல. சில நேரம் இந்தக் கையப் பாத்தா, இதுலதான் பட்டுதோன்னு தோணுது. நீங்க பாத்திருந்தா சொல்லுங்க. பட்டுதுன்னா பட்டுதுன்னு ஒத்துக்கிட்டுப் போயிருதேன்."

கிளீட்டஸ் கையிலிருந்த துணியால் துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"எஞ்சின் நாளைக்கு ரெடியாயிரும்" என்றார்.

கொர்னேல் தலையை ஆட்டிவிட்டு மழைக்குள் இறங்கிப் போனான்.

அவன் கோபப்பட்டிருந்தால் கிளீட்டஸுக்கு லேசாக இருந்திருக்கும். ஒத்துக்கொள்கிறேன் என்று ஒருவன் வந்து நின்றதுதான் தாங்கவில்லை. அந்தப் பந்தைப் பற்றி அவர் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் படம் தெளிவாகிக்கொண்டே வந்திருந்தது. முதலில் கை மட்டும் இருந்தது, பிறகு முழங்கை விரிந்தது, பிறகு ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தன, போன கிறிஸ்துமஸுக்கு அந்த விரலில் ஒரு மோதிரம்கூட வந்துவிட்டது. கொர்னேலின் விரலில் மோதிரம் கிடையாது. எஞ்சினைச் சுமந்து நின்றபோது அதை அவர் பார்த்தார்.

பட்டறையைச் சாத்திவிட்டுக் குடை எடுக்காமல் திடலுக்கு நடந்தார். சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டியதும் மழை நின்றது, முதுகு உலர்ந்தது, முகத்தில் ஐந்தே முக்கால் வெயில் அடித்தது. ஏழெட்டுப் பெண்கள் அங்கங்கே குனிந்திருந்தார்கள். அன்றைக்குத் தான் நின்ற இடத்தை, பெட்டியின் கிழக்கு ஓரத்தை, தேடிப் பிடித்து நின்றுகொண்டு, மேற்கே கோல் கம்பங்களைப் பார்த்தார். கம்பங்கள் கண்ணில் படவில்லை. கடலும் வெயிலும் சேர்ந்து ஒரே வெள்ளைத் தகடாகக் கண்ணுக்குள் இறங்கின. அந்தத் தகட்டிலிருந்து கறுப்பாக ஓர் உருவம் பிரிந்து, இடது கையை அகலமாக விரித்தபடி அவரை நோக்கி வந்தது. பக்கத்தில் வந்தபிறகுதான் அது கை இல்லை, இடுப்பில் வைத்திருந்த மீன்கூடை என்று தெரிந்தது.

"யாரு, கிளீட்டஸ் அண்ணனா?" என்றாள் திரேசம்மா. அந்தோணிதாசனின் விதவை, கொர்னேலுக்கு மைனி. "ஏன் இப்படிக் கண்ணச் சுருக்கிக்கிட்டு நிக்கீங்க?"

"ஒண்ணும் தெரியல, திரேசம்மா."

"இந்த எடத்துல நின்னா அப்படித்தான். நாங்க யாரும் இங்கன நின்னு அந்தப் பக்கம் பாக்க மாட்டோம்."

கிளீட்டஸ் மணலில் உட்கார்ந்துவிட்டார். எத்தனை பேர் இரண்டு வருஷமாக இந்த இடத்தில் நடந்திருப்பார்கள், எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும் என்று நினைத்தபோது அவருக்கு உடம்பு கூசியது. "நான் அன்னைக்குப் பாக்கல" என்றார். "சத்தம் கேட்டுது. ஊதிட்டேன். ஊதுன பெறகு பாக்கலன்னு எப்படிச் சொல்ல?"

திரேசம்மா கூடையை இறக்கினாள். குனிந்து நெத்திலியைப் பிடி பிடியாக எடுத்துப் பரப்பினாள். ஒரு பாய் முழுக்கப் பரப்பி முடித்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க, அண்ணே. அவங்க அப்பா போனபெறகு ரெண்டு ஆடிமாசம் நாங்க கஞ்சியில்லாமக் கெடந்திருக்கோம். இந்த ரெண்டு வருஷம் அது இல்ல. நீங்க இதப் போய் ஊர்ல சொன்னா எங்க வீட்டுக் கொர்னேலுக்கு நல்லது, சொல்லாட்டி எனக்கு நல்லது. ரெண்டும் ஒரே வீடு. எங்கிட்ட வந்து கேக்காதீங்க."

"கேக்கல."

"கேக்கத்தான் வந்திருக்கீங்க."

அவர் எழுந்து கோட்டுக்கு அருகே போகும்போது பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. "சொல்லுறதுன்னா இந்த ஈடு காஞ்ச பெறகு சொல்லுங்க. இன்னும் மூணு நாள் வேணும்."

அவர் நான்கு நாள் பொறுத்தார். அதற்குள் சேதி எப்படியோ கசிந்து, புன்னைத்துறைக் கமிட்டித் தலைவர் லாசர் சனிக்கிழமை பட்டறைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தார்.

"ஊர் இப்ப நிம்மதியா இருக்கு, கிளீட்டஸு. அந்தப் பையனுக்கு வேணும்னா கமிட்டியில ஒரு பதவி குடுத்துருவோம்."

"அவன் பதவி கேக்கலையே."

"நீ முடிவ மாத்தாத ஆளுன்னு பேர் வாங்கினவன். அந்தப் பேருக்காவது பாரு."

"அதத்தான் ரெண்டு வருஷமாப் பாத்துட்டு இருந்தேன்" என்றார் கிளீட்டஸ். லாசர் முக்காலியிலிருந்து எழுந்து போய்விட்டார்.

கிளீட்டஸ் பெட்டிக்குள் நின்று பேசப்போகிறார் என்று தெரிந்து, ஞாயிறு பூசை முடிந்ததும் இரண்டு ஊரும் திடலுக்கு வந்தது. வர வேண்டாம் என்று இரண்டு கமிட்டியும் சொன்னதால்தான் அவ்வளவு பேர் வந்தார்கள் போலிருக்கிறது. சாரல் அடித்துக்கொண்டிருந்தது, குடைகளும் தலையில் போட்ட சாக்குகளுமாகப் பெட்டியைச் சுற்றி நான்கு பக்கமும் சனம் நிற்க, நடுவில் அந்த உலர்ந்த வெயிலில் கிளீட்டஸ் தன் பழைய கறுப்புச் சட்டையில் நின்றார். உள்ளே வந்து நில்லுங்கள் என்று கொர்னேலையும் கூப்பிட்டார். நீ வா போ என்று பேசியவர் அன்றைக்கு அவனை நீங்கள் என்றார்.

"அன்னைக்கு நான் இந்தா இங்கன நின்னேன். கண்ணுல வெயிலு. சத்தம் கேட்டுது, ஊதிட்டேன். எல்லாரும் என்னைப் பாத்தீங்க. அப்பதான் நானும் பாத்தேன்னு சொன்னேன். நான் பாக்கல. பாக்காததக் கூட்டத்துலயும் சொன்னேன். இவரு சத்தியத்துக்கு எதிரா என் பொய் நின்னுது."

சனம் கோட்டுக்கு இன்னும் நெருங்கி வந்தது. பிறகு வெள்ளிமுட்டத்துப் பக்கமிருந்து ஒரு குரல், "அப்ப கையில படலையா?" என்றது.

"தெரியாது."

"தோள்லதான் பட்டுதா?"

"தெரியாதுன்னேன்லா."

சனத்துக்கு அது பிடிக்கவில்லை. கை என்றாலும் வாங்கியிருப்பார்கள், தோள் என்றாலும் வாங்கியிருப்பார்கள். இதைக் கையில் வாங்கி என்ன செய்வதென்று தெரியாமல் முணுமுணுத்தார்கள். அப்போது கொர்னேல் தொண்டையைச் செருமினான்.

"எனக்கும் தெரியாது" என்றான். "பாய்ஞ்சேன், எங்கயோ பட்டுது, கண்ணத் தொறந்தா மணல்ல கெடக்கேன். தோள்னு நெனச்சேன். நெனச்சதுக்குத்தான் அண்ணன்மேல சத்தியம் பண்ணினேன். தெரியாதுன்னு அன்னைக்கே சொல்லியிருக்கணும். எல்லாரும் என்னையே பாத்தாங்க."

கிளீட்டஸ் அவனைத் திரும்பிப் பார்த்தார். அந்த நொடியில் அவன் முகம் சிவந்திருந்தது. வெட்கத்தால் என்று நினைத்தார். பிறகு தன் கையும் சிவந்திருப்பதைக் கண்டார். உள்ளே நின்ற பெண்களில் ஒருத்தி, "சூரியன் எறங்குது" என்று மெதுவாகச் சொன்னாள்.

இரண்டு வருஷமாக இரண்டு முழ உயரத்தில் நின்ற சூரியன், எல்லாச் சூரியனையும்போல, அவசரமில்லாமல் இறங்கியது. உள்ளே நின்றவர்களின் நிழல் நீண்டு கிழக்குக் கோட்டைத் தொட்டது, தாண்டியது, மஞ்சள் பொன்னாகிப் பொன் செம்மண்ணாகிச் செம்மண் சாம்பலாகியது, காற்று திரும்பியது, வெடிப்புகை வாசம் கலைந்தது, கோட்டுக்கு வெளியே பகல் பத்தரை மணியாக இருக்க உள்ளே அந்தி இருட்டி, இரண்டு வருஷத்துக்கு முந்தைய முதல் நட்சத்திரம் ஒரு கண்ணிமைப்பு நேரம் தெரிந்து, உடனே வெளியே இருந்த பகலும் மேகமும் சாரலும் கோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டன. மழை விழுந்தபோது அந்த மணல் இரண்டு வருஷத் தாகத்தோடு சர்ரென்று உறிஞ்சியது. பாய்களில் அடுத்த ஈட்டுச் சாளை இன்னும் காயாமல் கிடந்தது.

முதலில் அசைந்தவள் திரேசம்மா. அழவில்லை, ஏசவில்லை. தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்து, மறுமுனையைக் கிளீட்டஸின் பக்கம் தள்ளி, "பிடிங்க" என்றாள். அவர் பிடித்தார். கொர்னேல் அடுத்த பாயைப் பிடித்தான். பிறகு வடக்குப் பக்கத்திலிருந்தும் தெற்குப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் இறங்கி, யார் பாய் எந்த ஊர்ப் பாய் என்று பார்க்காமல் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கயிறு எங்கேயோ மிதிபட்டுக் கிடந்தது.

அந்த ஆடி மாதம் மோசமாகத்தான் இருந்தது. கருவாட்டுக்காரிகள் கிளீட்டஸைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பாதிப் பேர் எஞ்சினை வேறு பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். திரேசம்மா மூத்த மகளை நான்கு மாதம் தன் தாய்வீட்டில் விட வேண்டியிருந்தது. புகைபோட்டு மீன் உலர்த்த ஒரு கொட்டகை எழுப்புவதற்குக் கொர்னேலும் கிளீட்டஸும் கம்பு சுமந்தபோதும் அவள் அவரிடம் இரண்டு வார்த்தைக்குமேல் பேசவில்லை. கொர்னேலுக்குப் பார்த்த பெண் வேறு இடத்தில் கல்யாணமாகிப் போயிருந்தாள். ஆனால் பிள்ளைகள் வாயில் அந்தச் சொல் மெல்ல மாறியது. தெரியாத ஒன்றைத் தெரியாது என்று சொல்லும்போது, "கொர்னேல் சத்தியமா எனக்குத் தெரியாது" என்று சொல்ல ஆரம்பித்தார்கள், பிறகு அதுவே நிலைத்துவிட்டது.

அடுத்த திருவிழாவுக்குக் கோப்பை மறுபடி நடந்தது. ரெஃப்ரியாக இருக்கச் சொல்லி இரண்டு ஊர் ஆட்டக்காரர்களும் பட்டறைக்கு வந்தபோது கிளீட்டஸ் முடியாது என்றுதான் முதலில் சொன்னார். "நான் பொய் சொன்ன ஆளு."

"சொன்னத ஒத்துக்கிட்ட ஆளும் நீங்கதானே" என்றான் கொர்னேல். அவன்தான் புன்னைத்துறைக்குக் கேப்டன்.

அன்றைக்கு வானம் தெளிந்திருந்தது. கோல் எதுவும் விழாமல் ஆட்டம் இழுத்துக்கொண்டிருந்தது. ஐந்து நாற்பதுக்கு மேற்குப் பக்கக் கோலை நோக்கி ஒரு பந்து போக, கிளீட்டஸ் அதன் பின்னால் ஓடி நிமிர்ந்து பார்த்தார், வெள்ளைத் தகடு. விசிலை வாயில் வைத்து ஊதினார். ஆட்டக்காரர்கள் நின்று, என்ன தப்பு, யார் பேரில் என்று பார்த்தார்கள். அவர் யாரையும் காட்டவில்லை. பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடுவட்டத்துக்கு நடந்து, மணலில் உட்கார்ந்தார்.

"இப்ப எனக்குத் தெரியாது" என்றார். "சூரியன் எறங்கட்டும்."

சனம் கொஞ்சம் சிரித்தது, கொஞ்சம் முனகியது. பிறகு ஆட்டக்காரர்கள் உட்கார்ந்தார்கள், லாசர் உட்கார்ந்தார், கம்பங்களைப் பிடித்து நின்றவர்கள் உட்கார்ந்தார்கள். சூசையான் மனைவி கொண்டுவந்திருந்த சுண்டல் இரண்டு ஊர்க்காரர் கைகள் வழியாகவும் போனது. திரேசம்மா சின்ன மகளை மடியில் வைத்துக்கொண்டு கிளீட்டஸுக்கு நான்கடி தள்ளி உட்கார்ந்து, எல்லாரையும்போல மேற்கே பார்த்தாள். சூரியன் கடலைத் தொட்டது, பாதியானது, முழுகியது. கோல் கம்பங்கள் இரண்டும் தனித்தனியாக, தெளிவாகத் தெரிய ஆரம்பித்தன. கிளீட்டஸ் எழுந்து பின்பக்க மணலைத் தட்டிவிட்டுப் பந்தைக் கீழே வைத்தார். இன்னும் இருபது நிமிடம் ஆட வெளிச்சம் இருந்தது.